கடையில் ஜொலித்த டிவி வீட்டில் ஏன் மங்குகிறது?

(காட்சி: ஷோரூம் சுவர். வரிசையாக டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே பஞ்சவர்ணக் கிளி.)

கடையில் ஓடும் அந்தக் கிளியைப் பார்த்து யாரும் டிவி வாங்க வேண்டாம். அது விற்பனைக்கென்றே எடுத்த 4கே டெமோ. டிவியும் கடைக்கான மோடில் இருக்கும். வெளிச்சம் முழுசாக ஏற்றியிருப்பார்கள், நிறமும் தூக்கல். அதே டிவியை வீட்டில் மாட்டி, கேபிளில் சீரியல் போட்டால் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் இருக்கிறது. டிவியில் கோளாறு எதுவும் இல்லை.

(திரையில்: 720 × 576. பக்கத்தில் 3840 × 2160.)

கணக்கு இதுதான். சாதாரண எஸ்டி, அதாவது தெளிவு குறைந்த சேனலின் படத்தில் சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். 4கே திரையில் கிட்டத்தட்ட 83 லட்சம். சரியாக 20 மடங்கு. அதாவது ஒரு புள்ளி வந்தால், மீதி 19 புள்ளிகளை டிவியே ஊகித்து நிரப்புகிறது. திரை பெரிதாகப் பெரிதாக அந்த ஊகம் பல்லிளிக்கும்.

அதனால் டிவி வாங்குவதற்கு முன்னால் செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். எச்டி, அதாவது தெளிவு கூடிய படம் தரும் பாக்ஸா, எச்டி சேனல் பேக் போட்டிருக்கிறீர்களா? எச்டி பாக்ஸை வாங்கிவிட்டு இன்னும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரிலேயே ஓட்டுகிற வீடுகள் உண்டு. அந்த ஒயரில் எச்டி வரவே வராது. எச்டிஎம்ஐ கேபிள்தான் வேண்டும்.

அளவு? சோபாவிலிருந்து சுவர் வரை டேப் பிடித்துப் பாருங்கள். 43 அங்குலத்துக்கு சுமார் 6 அடி, 55க்கு ஏழரை அடி, 65க்கு 9 அடி. நாள் முழுக்க எஸ்டி சேனல்தான் என்றால் ஓர் அளவு குறைத்தே வாங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. "இன்னும் கொஞ்சம் போட்டா பெரிசே வந்துடும் சார்" என்று கடைக்காரர் சொல்வார். டேப் சொல்வதைக் கேளுங்கள்.

இப்போது பேனல், அதாவது படம் காட்டும் திரைப் பலகை. கியூஎல்இடி என்றால் ஏதோ புது ஜாதி இல்லை. பின்னால் விளக்கு எரியும் வழக்கமான எல்சிடிதான், நிறம் கூட்ட குவாண்டம் டாட் என்ற நுண்துகள் படலம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஓஎல்இடி நிஜமாகவே வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு என்றால் கறுப்பு. இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு அதுக்கு ஈடில்லை. ஆனால் தாத்தா காலை முதல் செய்திச் சேனல் வைத்திருக்கும் வீட்டுக்கு நான் ஓஎல்இடி சொல்ல மாட்டேன். மூலையில் அசையாத லோகோ, கீழே பட்டையாக ஓடும் தலைப்புச் செய்தி. இவை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால் தடம் பதிந்துவிடும்.

எல்சிடியிலும் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகைப் பேனல் உண்டு. பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்காது. கடையிலேயே கண்டுபிடிக்கலாம்.

(காட்சி: டிவிக்கு நேராக நின்று, மெல்லப் பக்கவாட்டில் நகர்கிறோம்.)

ஒரு மனித முகம் திரையில் வரும்போது நேராகப் பாருங்கள். அப்புறம் நாலு எட்டுப் பக்கவாட்டில் போங்கள். முகம் வெளிறினால் அநேகமாக விஏ. அதில் நேராக உட்கார்ந்தால் கறுப்பு அழுத்தமாக இருக்கும். நிறம் மாறவில்லையென்றால் ஐபிஎஸ். ஆனால் அதில் இருட்டு அறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்காருகிற குடும்பமா, ஐபிஎஸ் எடுங்கள்.

மாட்டும்போது திரையின் நடுப்பகுதி உட்கார்ந்த கண் மட்டத்தில் வரட்டும், தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. பழைய ஷோகேஸ் உயரத்தில் மாட்டிவிட்டுக் கழுத்துவலி என்று சொல்லாதீர்கள். எதிரே ஜன்னலோ ட்யூப் லைட்டோ வேண்டாம்.

முதல் நாளே பிக்சர் மோடை விவிட்டிலிருந்து சினிமாவுக்கு மாற்றுங்கள். மஞ்சளாகத் தெரியும்; ரெண்டு நாளில் கண் பழகிவிடும். மோஷன் என்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். இடையில் இல்லாத ஃபிரேம்களை அது சேர்ப்பதால் படம் சீரியல் ஷூட்டிங் போல வழுக்கும். படத்துக்கு அணைத்துவிடுங்கள், கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயைத் திரையில் நேராக அடித்தால் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். மின் இணைப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

கடைசியாக இடி. ஐப்பசி மழையில் இடி இறங்கும்போது பலர் சுவிட்சை மட்டும் அணைக்கிறார்கள். மின் அழுத்தம் கேபிள் ஒயர் வழியாகவும் வரும். செட்டாப் பாக்ஸைத் தாண்டி எச்டிஎம்ஐ போர்ட்டைச் சுட்டுவிடும். ஸ்டெபிலைசர் அதைத் தடுக்காது. வானம் இருட்டிக்கொண்டு வந்தாலே பிளக்கைப் பிடுங்குங்கள், பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் ஒயரையும் சேர்த்து.