பிடில்காரர் இல்லாத பேண்டு

நேயர்களுக்கு வணக்கம். கிட்டார் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பிடித்த இசைக்கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டதும், யோசிக்காமல் டாக் வாட்சன் என்று சொல்லிவிட்டேன். அமெரிக்காவின் பழைய கன்ட்ரி இசையில், மலைக்கிராமங்களின் பாட்டில், கிட்டாருக்கு ஒரு புது இடம் தேடிக்கொடுத்தவர் அவர். 2012-இல் 89 வயதில் காலமானார்.

அவரைத் தெரிந்தவர்கள் முதலில் பேசுவது வேகத்தைப் பற்றித்தான். என்னிடம் வரும் பிள்ளைகளும் அப்படியே. "எப்படி சார் இவ்வளவு ஸ்பீடு?" சரி, வேகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு வேகமாக வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நல்ல தச்சர் செய்த கதவைப் பார்த்துவிட்டு, 'வேலை சுத்தம்' என்று சொல்வோமே, அதைத்தான் வாட்சனிடம் கேட்கிறேன். ஒரு சுரம்கூட மங்காது, ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

ஆர்தெல் லேன் வாட்சன் பிறந்தது 1923 மார்ச் 3-ஆம் தேதி, வட கரோலினா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைப்பகுதியில். வளர்ந்ததும் கடைசிவரை வாழ்ந்ததும் டீப் கேப் என்ற ஊர். கண்ணில் வந்த தொற்றினால் ஒரு வயது நிறைவதற்குள் பார்வை போய்விட்டது. ஒன்பது பிள்ளைகள் உள்ள வீடு. அப்பா கையால் செய்துகொடுத்த பேஞ்சோதான் பையனுக்குக் கிடைத்த முதல் நல்ல வாத்தியம். பேஞ்சோ என்பது வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய தந்தி வாத்தியம். அதற்குத் தோல் போர்த்த வேண்டுமே? வீட்டிலிருந்த கிழட்டுப் பூனை கண்ணை மூடியிருந்தது. அதன் தோலையே இழுத்துக் கட்டிவிட்டார் மனிதர்.

அந்த அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண் தெரியாத பிள்ளை என்று ஒரு மூலையில் உட்காரவைக்கவில்லை. பதின்வயதில் அவனைக் கூட்டிப்போய், இரண்டு பேர் இழுத்து மரம் அறுக்கிற பெரிய ரம்பத்தின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். பார்வை இல்லை என்பதற்காக உதவாதவன் ஆகிவிட மாட்டாய் என்று தனக்குப் புரியவைத்தது அந்த ரம்பம்தான் என்று வாட்சன் பிற்காலத்தில் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

அந்த ரம்பத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. உங்கள் வேலை இழுப்பது மட்டும். எதிராளி இழுக்கும்போது கையைத் தளர்த்தி விட்டுக்கொடுக்க வேண்டும். உதவுவதாக நினைத்துத் தள்ளினீர்கள் என்றால் தகடு வளைந்து மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். போவதும் வருவதும் ஒரே அளவாக இருந்தால்தான் மரம் அறுபடும். வாட்சனின் வலது கையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரம்பம்தான் நினைவுக்கு வருகிறது. இது என் கற்பனையாகவே இருக்கட்டும்.

அப்புறம் சகோதரர் ஒருவரும் அவருமாகப் பட்டுப்போன செஸ்ட்நட் மரங்களை வெட்டி, தோல் பதனிடும் ஆலைக்கு விற்றார்கள். அந்தக் காசில் சியர்ஸ் நிறுவனத்தின் சில்வர்டோன் கிட்டார் ஒன்று வீட்டுக்கு வந்தது. 'டாக்' என்ற பெயரைக் கொடுத்தது வானொலிதான். ஒரு நேரடி ஒலிபரப்பில், ஆர்தெல் என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று அறிவிப்பாளர் சொல்ல, கூட்டத்திலிருந்து ஒரு குரல், "டாக் என்று கூப்பிடுங்கள்!" என்றது. அதுவே நிலைத்துவிட்டது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த மலைப்பக்க இசையில் ராகம் வாசிப்பது பிடிலின் வேலை, பேஞ்சோவின் வேலை. கிட்டார் பின்னால் நின்று தாளத்துக்குக் கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே தட்டாக, போட்டுக்கொண்டிருக்கும். கார்ட்டர் குடும்பம் என்ற பழைய கன்ட்ரி இசைக்குழுவின் மேபெல் போன்ற ஒரு சிலர்தான் கட்டை விரலால் தாழ்ந்த சுருதியுள்ள தடித்த தந்திகளில் மெட்டை எடுத்து வாசித்தார்கள். 1953-வாக்கில் வாட்சன், ஜாக் வில்லியம்ஸ் என்பவரின் நடன பேண்டில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தார். ஆட வருகிறவர்கள், நாலு ஜோடி சதுரமாக நின்று ஆடும் சதுர நடனம் கேட்பார்கள். அதற்குப் பிடில் மெட்டுகள் வேண்டும். பேண்டில் பிடில்காரரே இல்லை! வேறு வழியில்லாமல் பிடிலுக்கான மெட்டுகளைச் சுரம் விடாமல் கிட்டாரில் வாசித்தார். வாரா வாரம் ஆடுகிறவர்களின் காலுக்கு வாசித்துப் பழகிய கை அது. தாளம் தடுக்கினால் ஆடுகிறவர்கள் தடுக்கிவிழுவார்கள்.

இது எவ்வளவு கடினம் என்று ஒரு நிமிடம் விளக்குகிறேன். பிடிலில் வில்லை ஒருமுறை இழுத்தால் நாலைந்து சுரம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கிட்டாரில் ஒவ்வொரு சுரத்துக்கும் பிக், அதாவது விரலிடுக்கில் பிடிக்கும் சிறு தகடு, தந்தியைத் தட்டியாக வேண்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று, மறுபடி கீழே, மேலே. தந்தி மாறும் இடத்தில்தான் வம்பு. பிக் இரண்டு தந்திகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும், அல்லது மேல் வீச்சு பலமிழந்து சுரம் சோகையாகிவிடும். மாணவர்களிடம் நான் தினமும் கேட்கும் குறை இது: ஒன்று விட்டு ஒரு சுரம் காணாமல் போகும். வாட்சனிடம் இரண்டு வீச்சும் ஒரே எடை.

பேண்டில் வாசித்த காலத்திலும் அவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துக்கொடுத்துச் சம்பாதித்தார். தன் வீட்டுக்கு மின்சார வயரிங்கைக்கூடத் தானே செய்தவர் என்பார்கள்.

1960-இல் ரால்ஃப் ரின்ஸ்லர் என்ற நாட்டுப்புற இசை ஆர்வலர் நியூயார்க்கிலிருந்து அந்தப் பக்கம் வந்தார். கிளாரன்ஸ் ஆஷ்லி என்ற பழைய பாடகரைப் பதிவு செய்வதுதான் நோக்கம். ஆஷ்லியோடு வாசிக்க வந்த வாட்சனின் கையில் இருந்தது எலக்ட்ரிக் கிட்டார். ரின்ஸ்லருக்கு முகம் சுருங்கிவிட்டது. மண்வாசனை தேடி வந்தவருக்கு ஆம்ப்ளிஃபயரா? மரக்கிட்டாரில் வாசியுங்கள் என்றார். என்னிடம் அது இல்லை, இரவல் வாங்கியும் வாசிக்க மாட்டேன் என்று வாட்சன் சொல்லிவிட்டார். மறுநாள் டிரக்கின் பின்பக்கம் உட்கார்ந்து ரின்ஸ்லர் பேஞ்சோ வாசித்துக்கொண்டிருக்க, அதைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி வாட்சன் வாசித்தபோதுதான் அவருக்குள் என்ன இருக்கிறது என்று வந்தவருக்குப் புரிந்தது. எனக்கு இந்தச் சம்பவத்தில் வாட்சனின் பிடிவாதம்தான் பிடிக்கும். அவருக்கு எலக்ட்ரிக் கிட்டார் பிழைப்பு, பழம்பாட்டு வீட்டுச் சொத்து. இரண்டும் ஒத்துவராது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து நியூயார்க் மேடை, 1963-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா, 1964-இல் வேன்கார்ட் நிறுவனம் வெளியிட்ட முதல் தனி இசைத்தட்டு. கிராமி விருதுகள், அதிபர் கையால் தேசிய கலைப் பதக்கம் என்று எல்லாம் வந்தன. பட்டியல் போட்டு நேரத்தைக் கடத்த விரும்பவில்லை.

மகனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெயர் எடி மெர்ல். அதில் 'மெர்ல்', கென்டக்கிக்காரரான மெர்ல் டிராவிஸ் என்ற கிட்டார் மேதை மீதிருந்த மதிப்பால் வைத்த பெயர். டிராவிஸை வாட்சன் முதன்முதலில் நேரில் சந்தித்தது 1971-இல், நாஷ்வில்லில் ஒரு பதிவின்போது. நிட்டி கிரிட்டி டர்ட் பேண்டு என்ற இளைஞர் குழு மூத்த கலைஞர்களைக் கூட்டிவைத்துச் செய்த பதிவு அது. இருவரும் பேசிக்கொண்டதையும் இசைத்தட்டில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரைத்தான் என் மகனுக்கு வைத்தேன் என்று வாட்சன் ரசிகனைப் போலக் கூச்சத்தோடு சொல்வதைக் கேட்கலாம். அப்போதே ஊரெல்லாம் வாட்சனைக் கொண்டாடிக்கொண்டிருந்தது!

மெர்ல் 15 வயதிலேயே அப்பாவோடு மேடை ஏறியவர். அப்பாவுக்குப் பக்கவாத்தியம், ஊர் ஊராகப் போவதற்கு ஓட்டுநர், கண்ணும் அவரே. 1985 அக்டோபரில் டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனார். வயது 36. இனி வாசிப்பதில்லை என்றே வாட்சன் முடிவெடுத்திருந்தார். புதைமணலில் சிக்கியிருந்த தன்னை மெர்ல் கைகொடுத்துத் தூக்கிவிட்டதாக ஒரு கனவு வந்ததென்றும், அதனால்தான் மறுபடி கிளம்பியதாகவும் அவரே சொன்னார். 1988-இல் வில்க்ஸ்பரோ ஊர்க் கல்லூரியில் மகன் பெயரால் தொடங்கிய மெர்ல்ஃபெஸ்ட் விழா வருடந்தோறும் நடந்துவருகிறது. பின்னாளில் மெர்லின் மகன் ரிச்சர்டும் தாத்தாவோடு கிட்டார் பிடித்தார்.

வட கரோலினாவின் பூன் நகரத்தில் தெருமுனையில் உட்கார்ந்து சில்லறைக்கு வாசித்த காலமும் அவருக்கு உண்டு. அதே நகரத்தில் 2011-இல் சிலை வைத்தார்கள். பெஞ்சில் அமர்ந்து கிட்டார் வாசிக்கும் சிலை. 'மக்களில் ஒருவர், அவ்வளவே' என்ற பொருளில் எழுதினால் போதும் என்று கேட்டுக்கொண்டார். அப்படியேதான் எழுதியிருக்கிறது.

இந்த உரை முடிந்ததும் 1964 இசைத்தட்டிலிருந்து 'பிளாக் மவுண்டன் ராக்' ஒலிபரப்பாகும். பிடிலுக்கென்றே உள்ள மெட்டு. எந்தச் சுரம் பிக்கின் கீழ் வீச்சில் வந்தது, எது மேல் வீச்சில் வந்தது என்று காதால் பிரித்துப் பாருங்கள். இத்தனை வருடம் கேட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வணக்கம்.