எந்த லிம்போமா என்று தெரிந்த பிறகு ஸ்டீராய்டு

நேயர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவர் என்ற முறையில் இன்று நாய்களுக்கு வரும் லிம்போமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய் இது. நாயைத் தடவிக்கொடுக்கும்போது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி கையில் தட்டுப்படும், அழுத்தினாலும் வலிக்காது, நாயும் வழக்கம்போலச் சாப்பிட்டு வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். தோளுக்கு முன்னாலும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயும் இருக்கும்.

ஊசியால் கொஞ்சம் செல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலே பல நேரம் லிம்போமா என்று சொல்லிவிடலாம். சரி, எந்த லிம்போமா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டை வைத்து 300 நாய்களின் திசுக்களைப் பார்க்கச் சொன்னார்கள், பட்டியலில் மட்டும் 43 வகை. ரத்தப் புற்றுநோயில் தனிப் பயிற்சி இல்லாத 17 நோய்க்குறியியல் மருத்துவர்கள் 83 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே திசுவை வேறு அடையாளத்தில் மறுபடி காட்டியபோது மட்டும், தங்கள் முதல் பதிலோடு ஒத்துப்போனது ஆளைப் பொறுத்து 40 முதல் 87 சதவீதம்! ஆனால் பயந்துவிட வேண்டாம், 80 சதவீத நாய்கள் ஆறே வகைக்குள் அடங்கிவிட்டன.

நடைமுறையில் முதல் கேள்வி, புற்றாக மாறிய ரத்த வெள்ளையணு பி செல்லா, டி செல்லா என்பதுதான். பெரிய பி செல் வகைக்கு சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிறிஸ்டின், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நான்கும் சேர்ந்த கீமோ கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி வற்றிவிடும், சுமார் ஒரு வருடம் நன்றாக ஓடும். வேகமாக வளரும் டி செல் வகைக்கு அதே மருந்து அவ்வளவு நாள் தாங்காது, பாதி வருடம், கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் சிலர் லோமஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். பாக்ஸர் நாய்களில் டி செல் வகைதான் அதிகம், சிலவற்றுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லா டி செல்லும் கெட்டதில்லை. கோல்டன் ரெட்ரீவர்களில் அதிகம் பார்க்கும் டி-ஸோன் வகை மெதுவாகத்தான் போகும், பல நாய்கள் வருடக்கணக்கில் இருக்கும், சிலவற்றுக்கு உடனே மருந்துகூட வேண்டாம். அதற்குப் போய் முழு கீமோ போட்டு வாட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

அப்புறம் ஒன்று. சந்தேகம் வந்த உடனேயே ஸ்டீராய்டு தொடங்கிவிடாதீர்கள். கட்டி சட்டென்று சுருங்கும், நாயும் தெம்பாகிவிடும், ஆனால் பிறகு மாதிரி எடுத்தால் வகை தெரிவது கஷ்டம், கீமோவுக்கும் மசியாத செல்கள் மிஞ்சிவிடும். பரிசோதனையே வேண்டாம், இருக்கிற நாளைக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு அது வேறு கணக்கு. ஸ்டீராய்டு மட்டும் என்றால் பொதுவாக ஒன்றிரண்டு மாதம்.

கோலி இன நாய் வைத்திருப்பவர்கள் வின்கிறிஸ்டின் ஊசிக்கு முன்பே எம்டிஆர்1 மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால் மருந்தின் அளவைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும்.