ஓலை வாசிக்கும் முன் ஒரு கேள்வி

(திருக்குடும்ப விழா ஞாயிறன்று, கிளிநொச்சி மாவட்டப் பங்கு ஒன்றின் மண்டபத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, காலைத் திருப்பலியில் இதே பொருளை அழகாகத் தொட்டுவைத்த உதவிப் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அருட்சகோதரிகளே, விடுமுறை நாளென்றும் பாராமல் வந்திருக்கும் கிராம அலுவலர் அவர்களே, கமக்காரர் அமைப்பின் தலைவர் அவர்களே, எங்கள் அழைப்பை ஏற்று வந்து எங்களைப் பெருமைப்படுத்தியிருக்கும் பிள்ளையார் கோயில் பரிபாலன சபைத் தலைவர் ஐயா அவர்களே, மாதர் சங்கத்துச் சகோதரிகளே, மூப்பர்மாரே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். கோயில் தலைவர் ஐயா எழும்பிக் கும்பிட்டபோது என் மனம் நிறைந்துவிட்டது. போன வருடம் எங்கள் சுற்றுப்பிரகாரத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டவர் அவர்தான். அந்த நன்றியை இந்த மேடையில் சொல்லாமல் நான் பேச்சைத் தொடங்கக்கூடாது.

கிறிஸ்தவ வாழ்வில் திருமணத்தின் ஆன்மிகப் பொருள் என்ற தலைப்பைத் தந்திருக்கிறார்கள். மூன்று விடயங்கள் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, திருமணம் உடன்படிக்கை என்பது. இரண்டு, கானாவூர்க் கலியாணம். மூன்று, விவிலியத்தின் தோபித்து நூலில் தொபியாவும் சாராவும் முதலிரவில் செய்த செபம்.

எங்கள் பெரியவர்கள் "கலியாணம் ஆயிரங்காலத்துப் பயிர்" என்றார்கள். வயல் செய்கிற உங்களுக்கு அதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. காலபோக நெல் இப்போது குடலைப் பருவத்தில் நிற்கிறது. நான்கு மாதத்துப் பயிர் அது. அதற்கே உழவு பார்க்கிறோம், விதை பார்க்கிறோம், இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று நாளுக்கு நாள் கேட்கிறோம். ஆயிரங்காலத்துப் பயிருக்கு மட்டும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு தருவினம்?"

திருமணத் திருச்சடங்கை நினைத்துப் பாருங்கள். வாக்குறுதிக்கு முன்னே குருவானவரான சுவாமி மணமக்களைப் பார்த்துக் கேட்கிறார்: யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதோடு வந்திருக்கிறீர்களா? அதற்குப் பிறகுதான் "இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும்" என்ற வார்த்தைகள் வருகின்றன. திருமுழுக்கு, நற்கருணை போன்ற மற்ற அருட்சாதனங்களைக் குருவானவர் எங்களுக்குத் தருகிறார். இதை மட்டும், எங்கள் இலத்தீன் திருச்சபையின் மரபுப்படி, மணமகனும் மணமகளும் ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள். சுவாமி திருச்சபையின் பெயரால் சாட்சி நிற்கிறார். பீடத்துக்கு முன்னே நிற்கிற சைக்கிள் கடைப் பெடியனும் தையல் வகுப்புப் பிள்ளையும் அந்த நேரம் அருளின் பணியாளர்கள்! எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததைப்போல மனைவியை அன்பு செய்யுங்கள் என்று கணவர்களுக்குச் சொல்லிவிட்டு, இந்த மறைபொருள் பெரிது என்கிறார் பவுல். கிறிஸ்து தம்மைக் கையளித்தபோது எந்த வீட்டிலும் விலை பேசவில்லை.

இனி ஒரு கதை சொல்ல விடுங்கள். இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு அந்தக் காலம் தெரியும்.

2008 கார்த்திகை. போரில் கிளிநொச்சியை விட்டு எழும்பித் தருமபுரத்தில் கிடக்கிறோம். நிஷா புயல் மழை. தறப்பாள் கொட்டிலுக்குள்ளே முழங்கால் தண்ணீர். என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, சைக்கிள் திருத்துகிறவர். மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளையைக் கேட்டிருந்தோம். பிள்ளையின் தகப்பன் எங்கள் கொட்டிலுக்கு வந்து ஈரப் பலகையில் குந்தினார். கன நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "பிள்ளைக்கெண்டு வைச்ச காணி அங்க கிடக்கு. கையில ஒரு சதமும் இல்லை, அக்கா." பெரியம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னா: "அண்ணை, அந்தக் காணி எண்டைக்கும் உங்கட பிள்ளைக்குத்தான். எங்களுக்குப் பிள்ளையைத் தாங்கோ, காணும்." அந்த மனிதர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கலியாண அறிவித்தலான ஓலையை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க எங்கே நேரம்? சுவாமி அதற்கு விலக்கு எழுதித் தந்தார். பெரியம்மாவின் தாலிக்கொடி ஏற்கெனவே அரிசியாகியிருந்தது. மிஞ்சியிருந்த சிலுவைத் தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்தா. கூறை பக்கத்துத் தறப்பாளில் இரவல், கரையெல்லாம் சேறு. சாட்சிக்கு ஒருவர் அண்ணனின் கூட்டாளி. மற்றவர் வராமல் போக, உப்புக் கேட்டு வந்த ஒரு ஆச்சியைச் சுவாமி கூப்பிட்டு நிற்கவைத்தார். பேனை பிடிக்கத் தெரியாது என்று அழுத ஆச்சி, பெருவிரலை மையில் தோய்த்து அமர்த்தி வைத்தா. பாட்டு வேண்டும் என்று பெடியள் ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவில் ரேப் ரெக்கோடரைப் பூட்டி, மாறி மாறி உழக்கினார்கள். உழக்கிறவன் களைத்தால் பாட்டும் இழுபடும். அடுத்தவன் பாய்ந்து ஏறுவான். விருந்து ரொட்டி, சம்பல், பனங்கட்டியோடு பிளேன்ரீ. ஆச்சிக்கு உப்பும் கட்டிக் கொடுத்தோம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் திருமணத்துக்குக் கேட்டது மணமக்களின் சம்மதமும், பங்குக் குருவும், சாட்சிகளும். தருமபுரத்துச் சேற்றில் எங்களிடம் அது எல்லாமே இருந்தது. ஒன்றும் குறைவாக இருக்கவில்லை. அதன்பிறகு போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை, மெனிக் பாம் முகாம் வரை அந்த இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. ஆயிரங்காலத்துப் பயிர் என்று நான் அதைத்தான் சொல்லுகிறேன்.

அப்படி இருந்த நாங்கள் இன்று எங்கே நிற்கிறோம்? சீதனத்தைப் பற்றி நான் பேசும்போது சிலருக்குக் கோபம் வருகிறது. சீதனம் எங்கள் வழமைதானே என்கிறார்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தாக்கிய, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் சீதனம் இருக்கிறது, உண்மை. அது மகளுக்குப் பெற்றோர் கொடுக்கிற பங்கு, அவளுடைய சொத்து. நான் எதிர்ப்பது டொனேசனை. மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குப் போகிற காசை. அதற்கு வழமையிலும் இடமில்லை, வேதத்திலும் இடமில்லை. என் கடைசித் தங்கைக்கு நல்ல சம்பந்தம் வந்தது. நாள் குறிக்கிற அளவுக்கு வந்து, டொனேசன் பேச்சில் நின்றுபோனது. அந்த மாதம் முழுக்க அவள் கோயிலுக்கு வரவில்லை. வரச்சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1102ஆவது சட்டம், எதிர்காலத்தைப் பற்றிய நிபந்தனையோடு செய்யும் திருமணம் செல்லாது என்கிறது. டொனேசன் வாங்கிய கலியாணங்கள் செல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. அதைத் தீர்மானிக்க நான் யார்? ஆனால் நிபந்தனைக்கு இவ்வளவு அஞ்சுகிற திருச்சபையின் பீடத்துக்கு, நிபந்தனையைக் காசாக எண்ணி முடித்துவிட்டு வந்து, "முழு மனதோடு வந்தேன்" என்று சொல்லலாமா?

கானாவூர்க் கலியாணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று குடம் தண்ணீர் கொள்ளும் ஆறு கற்சாடிகள். ஆண்டவர் செய்த முதல் அரும் அடையாளம், திராட்சை இரசம் தீர்ந்துபோன ஒரு கலியாண வீட்டை, தண்ணீரை இரசமாக்கி வெட்கத்திலிருந்து காப்பாற்றியது. அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் இன்று தாய்மார் நுண்கடன் எடுக்கிறார்கள், நகையை அடகு வைக்கிறார்கள். கிழமைக்குக் கிழமை கடன்காரன் படலையில் வந்து நிற்கிறான். மாதா சொன்னது "அவர் சொல்வதைச் செய்யுங்கள்" என்றுதான். ஊர் சொல்வதை அல்ல.

தொபியாவின் செபத்தை விரித்துப் பேச நேரம் இல்லை. 8ஆம் அதிகாரம், வீட்டில் கணவனும் மனைவியுமாக இருந்து வாசியுங்கள்.

பங்குத்தந்தை அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி ஓலை எழுதிக் கொடுக்க வருகிறபோது, இரண்டு வீட்டுப் பெற்றோரையும் இருத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: டொனேசன் கேட்டீர்களா, கொடுத்தீர்களா? இல்லை என்று கையெழுத்து வைத்தபிறகு ஓலையை வாசியுங்கள். சாப்பாட்டுக்கு இந்த மண்டபம் இருக்கிறது. பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களுக்குள் வேலையைப் பிரித்துச் சமைப்போம். ஆயிரங்காலத்துப் பயிருக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து தண்ணீர் பாய்ச்சலாம்.

பக்கக் கதவடியில் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். டொனேசன் வாங்கமாட்டோம் என்கிற ஆண்பிள்ளைகளின் பெற்றோர் அதில் பெயர் எழுதலாம். தையில் என் மூத்த மகனுக்குச் சம்பந்தம் பேசுகிறோம். முதலாவது பெயர் என்னுடையது, இரண்டாவது என் மனைவியுடையது. பேனையை நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.