பிசிறு எடுக்கும் பிரஷ்

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பில் பழைய சோனகத் தெருவிலோ குவாரி வீதியிலோ ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய், கிரைண்டருக்குப் பூட்ட பிரஷ் கேட்டால், அநேகமாகக் கம்பி பிரஷைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நாங்களும் அதை வாங்கி வந்து, இரும்பு, அலுமினியம், பித்தளை என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லாவற்றையும் அதாலேயே தேய்க்கிறோம். உலோகத்தை வெட்டும்போதும் துளைக்கும்போதும் விளிம்பில் எழும்புகிற பிசிறை எடுப்பது பட்டறைக்குப் புதிதாக வந்த பெடியனுக்குத் தள்ளிவிடுகிற வேலை என்ற நினைப்பு வேறு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஓர் இரும்புத் தகட்டில் துளை போட்டுவிட்டு மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். டிரில் பிட் வெளியே வருகிற இடத்தில் உலோகம் வெட்டுப்படாமல் தள்ளப்பட்டு, துளையைச் சுற்றிப் பல்வரிசை போல எழும்பி நிற்கும். அதுதான் பிசிறு. கேற்றில் என்றால் யாராவது ஒருவருடைய கையைக் கிழிக்கும், அவ்வளவுதான். ஹைட்ரோலிக் வால்வுக்குள் இரண்டு துளைகள் சந்திக்கும் இடத்தில் இருந்தால் கதை வேறு. ஒருநாள் உடைந்து, எண்ணெயோடு ஓடி, எண்ணெய் ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் சீல் கீறுப்பட்டுவிடும். பிறகு புதுச் சீல் போட்டும் ஒழுகுகிறது என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

கம்பி பிரஷ் நுனியால்தான் வேலை செய்யும். வேலை நடக்கவில்லையென்று அழுத்தினால் கம்பி வளைந்து பக்கவாட்டில் உரசும். வெட்டாது, சூடேறி முறியும். அலுமினியம் போன்ற மெதுவான உலோகத்தில் பிசிறை எடுப்பதற்குப் பதிலாக மடித்துப் படுக்க வைத்துவிடும். பார்க்க மழமழவென்று இருக்கும், நகத்தால் சுரண்டினால் மறுபடி எழும்பும்.

இதற்குத்தான் உராய்பொடி கலந்த நைலோன் பிரஷ் இருக்கிறது. சிலிக்கன் காபைட் அல்லது அலுமினியம் ஒக்சைட் மணிகளை நைலோனோடு சேர்த்தே நூலாக இழுத்திருப்பார்கள். நூல் தேயத் தேய உள்ளிருந்து புது மணி வெளியே வரும். நுனி மட்டுமல்ல, நூலின் பக்கமும் வெட்டும். அதனால் மூலை முடுக்கு, பற்சக்கரத்தின் பல்லிடுக்கு எல்லாம் போய், விளிம்பை லேசாக உருட்டிவிடும். மணியின் பருமனை நம்பரால் சொல்வார்கள்: 80 நம்பர் முரட்டு வேலைக்கு, 320 மினுக்குவதற்கு. ஆனால் தடித்த பிசிறை இதனால் எடுக்க முடியாது. அதற்கு முதலில் அரம்தான்.

நைலோனுக்கு எதிரி சூடு. நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிற சிறிய கிரைண்டரில் இதைப் பூட்டவே வேண்டாம். நூல் உருகி வேலையின் மேலேயே அப்பிக்கொள்ளும். 2850 சுற்று பெஞ்ச் கிரைண்டர்கூட 6 அங்குலச் சக்கரத்துக்குக் கொஞ்சம் அதிகம். 1440 மோட்டோர் ஒன்று கிடைத்தால் நல்லது. பெல்ட் மாற்றி வேகம் குறைக்கிற டிரில் மெசினும் போதும். லேசாகத் தொட்டுப் பிடியுங்கள். தண்ணீரோ கூலன்டோ விட்டால் இன்னும் நல்லது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மாடிகளில், போட்டுச் சில மாதத்திலேயே கைப்பிடிக் கம்பிகளில் மண்ணிறப் புள்ளி விழுந்தால் எல்லோரும் சாமான் போலி என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். சிலவேளை சாமானில் குறையே இருக்காது. சாதாரண இரும்புக் கம்பி பிரஷால் தேய்த்திருப்பார்கள். அந்த இரும்புத் துகள் மேற்பரப்பில் பதிந்து உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும். ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒருதரம்கூட இரும்பில் படவிடக் கூடாது.

சரி, கண்ணுக்கு வருவோம். கம்பி பிரஷிலிருந்து முறிகிற கம்பி ஊசியாகப் பறக்கும். வெறும் மூக்குக்கண்ணாடி காணாது, பக்கமும் மூடிய கொகிள்ஸும் முகக்கவசமும் வேண்டும். பிரஷில் எழுதியிருக்கும் உச்ச வேகம் மெசினுடைய வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. புது பிரஷ் பூட்டினால், மெசினின் காப்பு மூடியைக் (கார்ட்) கழற்றாமல், பிரஷுக்கு நேரே நிற்காமல் விலகி நின்று, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்ட பிறகு வேலையைத் தொடுங்கள்.