எய்தவன் பெயரைச் சொல்லுங்கள்

தலைமையேற்றிருக்கும் ஐயா அவர்களே, நடுவர் பெருமக்களே, 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் மாபெரும் வில்லன், நாயகனின் பரம எதிரியான மாஸ்டரே என்று எனக்கு முன் முழங்கிவிட்டு ஒன்றும் அறியாதவர்போல் அமர்ந்திருக்கும் நண்பரே, இயந்திர மனிதர்களான சைபர்மேன்களுக்காக அத்தனை மென்மையாக வாதாடிய அம்மையாரே, ஒலிபெருக்கியை மூன்று முறை சரிசெய்து கொடுத்த தம்பியே, இடமில்லாமல் நின்றபடியே கேட்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரை ஆற்றியவர் என்னை 'டாலெக் பித்தர்' என்று அறிமுகம் செய்தார். பட்டமாகவே ஏற்றுக்கொள்கிறேன்.

காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' நாயகராக வரும் பிபிசி தொடர் 'டாக்டர் ஹூ'. அதன் மாபெரும் வில்லன் யார்? ஐந்து அளவுகோல்களால் அளந்து காட்டப் போகிறேன். உருவம், குரல், நோக்கம், காலம் கடந்து நிற்பது, டாக்டரையே நிலைகுலைய வைப்பது. ஐந்திலும் வெல்வது டாலெக், உலோகக் கூட்டுக்குள் வாழும் அந்த இரக்கமற்ற உயிரினம்.

முதலில் உருவம். தொடர் தொடங்கியது 1963 நவம்பர் 23. டாலெக் கதையின் முதல் பகுதி டிசம்பர் 21 அன்று வந்தது. அதில் முழு டாலெக்கைக் காட்டவே இல்லை. சுவரோடு ஒட்டி நின்று அலறும் ஒரு பெண், அவளை நோக்கி நீளும் ஒரு கை, அவ்வளவுதான். ஒரு வாரம் நாட்டையே காக்க வைத்தார்கள்.

அந்த உருவம் எப்படிப் பிறந்தது? எழுத்தாளர் டெர்ரி நேஷன் மனத்தில் இருந்தது ஜார்ஜிய நாட்டு நடனக் குழு. நீளப் பாவாடைக்குள் கால் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும் பெண்கள். கால் தெரியக்கூடாது, மனிதன் உடை போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருக்கக்கூடாது. எழுதுவது எளிது, ஐயா! செய்து காட்டுவது யார்? அந்த வேலை முதலில் ஒதுக்கப்பட்டது ரிட்லி ஸ்காட்டுக்கு. ஆமாம், பின்னாளில் பெரிய திரைப்பட இயக்குநரான அதே ஸ்காட்தான். அவருக்கு நாள் ஒத்துவரவில்லை. பிபிசியின் சம்பளக்காரரான ரேமண்ட் கியூசிக்கிடம் வந்து சேர்ந்தது. அவர் என்ன செய்தார்? நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனை வரைந்தார். அவனைச் சுற்றிக் கோடு இழுத்தார். அடிப்பாகம் ஏன் முன்பக்கம் அப்படிப் பிதுங்கியிருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்: உள்ளே ஒருவருடைய முழங்கால் இருக்கிறது! (சிரிப்பு)

மிளகுப்பொடிக் குடுவையைப் பார்த்து வரைந்தார் என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. அது பாதிக் கதை. மதிய உணவு மேசையில் குடுவையை அவர் எடுத்தது உண்மை. வடிவத்துக்காக அல்ல, டாலெக் உருவத்தைச் செய்பவரிடம் 'இது இப்படித்தான் நகர வேண்டும்' என்று மேசைமேல் நகர்த்திக் காட்டுவதற்காக. மேசையில் உப்புக் குடுவை கைக்கு எட்டியிருந்தால் இன்று உப்புக் குடுவைக் கதை சுற்றிக்கொண்டிருக்கும்!

அடிப்பாகத்தில் 56 அரைக்கோளங்கள், வரிசைக்கு நான்காக 14 வரிசை. கீழே சிறு சக்கரங்கள். உள்ளே இருப்பவர் காலால் தள்ளியே ஓட்டினார். படப்பிடிப்புத் தளத்தின் வழவழப்பான தரைக்கு அது போதும். 1964இல் வந்த ஒரு கதைக்காக லண்டன் தெருக்களுக்கு வந்ததும் நிலைமை மாறியது. கரடுமுரடான தரையில் சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்ளும், உருவமே தடதடக்கும், கம்பீரம் போய்விடும். அதனால் அடித்தட்டைப் பெரிதாக்கிக் காற்றடைத்த டயர் போட்ட மூன்று சக்கர வண்டியை உள்ளே வைத்தார்கள். அந்தக் கதையின் டாலெக்குகள் மட்டும் சற்று உயரமாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

படியேற முடியாத வில்லன் என்று மாஸ்டர் அணி நண்பர் கேலி செய்தார். 1979இல் டாக்டரே அப்படிக் கேலி செய்தார். 1988இல் டாலெக் மிதந்து படியேறியது. நண்பர் ஒன்பது ஆண்டு பிந்தி வந்திருக்கிறார். (கைதட்டல்)

அடுத்து குரல். நடிகர்கள் பீட்டர் ஹாக்கின்ஸும் டேவிட் கிரகாமும் ஓரமாக ஒலிவாங்கி முன் நின்று பேசுவார்கள். பிபிசி ஒலிப் பட்டறையின் பிரையன் ஹாட்ஜ்சன் அந்தக் குரலை ரிங் மாடுலேட்டரில் செலுத்தினார். பேச்சு அலையை ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸ் அலையோடு பெருக்கும் கருவி அது. வீட்டில் கணினியில் முயல்பவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த எண்ணை மிகவும் ஏற்றினால் குரல் மணியோசையாகிச் சொல் புரியாது. மிகவும் இறக்கினால் குளிரில் நடுங்குபவர் பேசுவதுபோல் இருக்கும். கருவி மட்டும் போதாது. ஒரே சுருதியில், அசை அசையாக வெட்டி, உயிரெழுத்தை இழுத்துப் பேச வேண்டும். வேகமாகப் பேசினால் மெய்யெழுத்தெல்லாம் கரைந்துபோகும். தலையில் மின்னும் இரண்டு விளக்குகள் அலங்காரம் அல்ல. வாய் இல்லாத நான்கு உருவங்கள் நிற்கும்போது பேசுவது எது என்று காட்ட, உள்ளே இருப்பவர் வசனத்துக்கு ஏற்பப் பொத்தானை அழுத்துவார். ஓர் அசை தவறினாலும் பக்கத்து டாலெக் பேசியதாகிவிடும்.

மூன்றாவது நோக்கம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். 1975இல் டாவ்ராஸ் வந்தான், கதைப்படி டாலெக்குகளைப் படைத்த விஞ்ஞானி, அவற்றை எய்தவன். அப்படியானால் வில்லன் அவனல்லவா என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கதையின் முடிவில் அம்பே திரும்பி எய்தவனைச் சுட்டது. பரிவு என்பதையே எடுத்துவிட்டுப் படைத்தவனுக்குப் பரிவு கிடைக்குமா?

சைபர்மேன் அணி அம்மையாருக்கு ஒரு சொல். 1966இல் வந்த முதல் சைபர்மேன்தான் பயங்கரம். துணி சுற்றிய முகம், வெறும் மனிதக் கைகள். வாய் திறந்தபடியே நிற்கும், குரல் தானாக வரும். வெள்ளி பளபளக்கப் பளபளக்க அந்தப் பயம் போய்விட்டது. யாரும் பார்க்காதபோது மட்டும் அசையும் சிலைகளான அழும் தேவதைகளும் அப்படித்தான். 2007இல் பார்வையாளர் கண்ணெதிரே ஒரு முறைகூட அசையவில்லை; நாமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? 2010இல் தலையைத் திருப்பிக் காட்டினார்கள். கெட்டது காரியம்.

முதல் சைபர்மேனின் அந்தத் துணி முகத்தை வடிவமைத்தவர் சாண்ட்ரா ரீட். இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கேதான் என் வழக்கு. டெர்ரி நேஷன் ஒப்பந்த எழுத்தாளர் என்பதால் டாலெக் உரிமையில் பங்கு அவருக்கு இருந்தது. பொம்மைகள் கடைகடையாக விற்றன. கியூசிக் சம்பளக்காரர் என்பதால் ராயல்டி இல்லை, ஒரு சிறு அன்பளிப்புத் தொகையோடு சரி. பின்வந்த கதைகளில் 'டாலெக்குகளை உருவாக்கியவர் டெர்ரி நேஷன்' என்றே போட்டார்கள். கியூசிக் 2013இல் மறைந்தார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்கிறோமே, எய்தவனை மறந்து அம்பைப் புகழ்வது மட்டும் எந்த ஊர் நியாயம்?

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே நிற்கின்றன. மாஸ்டரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை, நண்பர் பொறுத்தருள வேண்டும். ஒரு நிமிடம், ஐயா. தீர்ப்புக்கு முன் என் தீர்மானத்தை அவை ஏற்க வேண்டுகிறேன்: 'இனி இந்த மேடையில் எந்த வில்லனின் பெயரைச் சொன்னாலும், அதன் உருவத்தை வரைந்தவர், உடை தைத்தவர், குரல் சமைத்தவர் பெயர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்லாத அணிக்கு இரண்டு மதிப்பெண் குறைக்கப்படும்.' முன்மொழிகிறேன். வழிமொழிபவர் கை உயர்த்தலாம்.