கென்யாவுல அதிக ஓட்டு வாங்கினா மட்டும் போதாதா?

அடுத்த கேள்வி. போன வீடியோ பாத்துட்டு ஒரு நண்பர் கேக்குறாரு: "2027 ஆகஸ்ட் 10 கென்யா தேர்தல்ல ஜனாதிபதி ஆகணும்னா 24 கவுண்டியில 25 சதவீதம் வாங்கணும்னு சொன்னீங்க. கூட ஓட்டு வாங்கினவரு ஜெயிச்சாருன்னு விட்டுட வேண்டியதுதானே, எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்?"

அன்னைக்கு அவசரத்துல நான் பாதிதான் சொன்னேன். நிபந்தனை ரெண்டு. நாடு முழுக்க விழுந்த ஓட்டுல பாதிக்கு மேல வாங்கணும். அதோட 47 கவுண்டியில குறைஞ்சது 24ல, தலா 25 சதவீதம் வாங்கணும். கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கங்க, ஆனா ஜனங்க தேர்ந்தெடுத்த கவர்னரும் சட்டசபையும் தனியா உண்டு.

1992ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. பல கட்சி முறை திரும்பி வந்த முதல் தேர்தல். எதிர்க்கட்சி ஓட்டு கிபாகி, மட்டிபா, ஒடிங்கான்னு மூணு தலைவருங்களுக்குப் பிரிஞ்சுது. அப்ப ஜனாதிபதியா இருந்த மோய் வெறும் 36 சதவீதத்துல மறுபடி ஜனாதிபதி ஆயிட்டாரு. மூணுல ரெண்டு பங்கு ஜனம் வேண்டாம்னு சொன்ன ஆளு! இத்தனைக்கும் 25 சதவீத நிபந்தனை அப்பவே இருந்துச்சு, எட்டு மாகாணத்துல அஞ்சுல வாங்கணும். இந்தப் பாதி ஓட்டு விஷயத்தை 2010 அரசியல் சட்டம்தான் கொண்டுவந்துச்சு. அதுக்கு முன்னாடி 2007 தேர்தல் தகராறுல ஆயிரம் பேருக்கு மேல செத்திருந்தாங்க.

நிஜத்துல 25 சதவீதம் பெரிய விஷயமே இல்லைங்க. 2022ல ரூட்டோ 39 கவுண்டியில தாண்டினாரு, தோத்துப்போன ரைலா ஒடிங்காவே (1992ல நின்ன ஒடிங்காவோட மகன்) 34ல தாண்டினாரு. மூச்சு முட்டுறது அந்தப் பாதிக் கோட்டுலதான். ரூட்டோ வாங்கினது 50.49 சதவீதம். 2013ல உஹுரு கென்யாட்டா 50.07. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்துச்சு, அவரு கோட்டைத் தாண்டினது சில ஆயிரம் ஓட்டுல! செல்லாத ஓட்டையும் மொத்தத்துல சேத்து சதவீதம் போடலாமான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் சண்டை போச்சு. சேக்கக் கூடாதுன்னு தீர்ப்பு வந்துச்சு.

இப்படி ஒவ்வொரு ஓட்டும் முக்கியம். அங்க வாக்குச்சாவடியிலயே எண்ணுறப்ப, அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி பேரைச் சத்தமா வாசிப்பாரு, கட்சி ஏஜென்ட்டுங்க கண் கொட்டாம பாத்துட்டு இருப்பாங்க. முடிஞ்சதும் 34ஏ-ன்னு ஒரு படிவத்துல கையெழுத்து வாங்கி, அதோட நகலை வெளியில கதவுல ஒட்டிடுவாங்க.

யாருமே கோட்டைத் தாண்டலைன்னா? 30 நாளைக்குள்ள முதல் ரெண்டு பேருக்கு மட்டும் மறுபடி ஓட்டு. அங்கதான் நண்பர் கேட்ட கணக்கு வரும், கூட வாங்கினவரு ஜெயிச்சாரு, 25 சதவீதமெல்லாம் கிடையாது. இதுவரைக்கும் கென்யாவுல அப்படி ஒரு தடவைகூட நடக்கலை. 2017 அக்டோபர்ல நடந்துச்சேன்னு கமென்ட்டுல வந்துடாதீங்க. அது கோர்ட் ஆகஸ்ட் தேர்தலை ரத்து பண்ணினதால திரும்ப நடத்தினது, வேற கதை.