தொழுவத்துக்குள் வந்த கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் நடக்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். ஒரு காலத்தில் அந்த வட்டாரமே மாட்டுக் கொட்டில்தான். நம்மவர்கள் மாடு வளர்த்து, வீடு வீடாகப் பால் ஊற்றினார்கள். சுழி, கொம்பு, மடி இவற்றைப் பார்த்து மாடு பிடிப்பது நம் வழக்கம். அமெரிக்காவிலும் அப்போது ஏறக்குறைய இதே கதைதான்: கண்காட்சியில் பரிசு வாங்கிய காளையின் கன்றுக்குத்தான் மவுசு.

அந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டவர் ஜே லஷ் என்ற கால்நடை இனவிருத்தி விஞ்ஞானி. 1896-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். டெக்சஸில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார், 1930-ல் அயோவா ஸ்டேட் கல்லூரிக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பேராசிரியரான பிறகும், 1931-ல் சிகாகோ போய், சூவல் ரைட்டின் வகுப்பில் மாணவர்களோடு உட்கார்ந்து பாடம் கேட்டார். ரைட் கினிப்பன்றிகளை வைத்து மரபியலுக்குக் கணக்கு வகுத்தவர். அதை லஷ் தொழுவத்துக்குக் கொண்டுவந்தார்.

சரி, அது என்ன கணக்கு? ஒரு பண்ணையில் பசுக்கள் சராசரியாக நாளுக்கு 10 லிட்டர் கறக்கின்றன என்று வையுங்கள். 14 லிட்டர் கறப்பவற்றை மட்டும் தேர்ந்து, அதே தரமுள்ள காளைகளோடு சேர்க்கிறோம். பிறக்கும் கிடேரிகளும் வளர்ந்து 14 லிட்டர் கறக்குமா? கறக்காது. பால் அளவில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய கால்பங்குதான் மரபு வழியாகக் கன்றுக்குப் போகும். மிச்சமெல்லாம் தீவனம், வெயில், பராமரிப்பு. அதனால் கூடுதலான 4 லிட்டரில் ஒன்றைத்தான் எதிர்பார்க்கலாம். கிடேரிகள் 11 லிட்டர் கறக்கும். கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு லிட்டர் நிலையானது, அடுத்த தலைமுறை அதன் மேல் ஏறும். எத்தனையோ பேர் அனுபவத்தில் தடவிக்கொண்டிருந்ததை இவ்வளவு தெளிவாகச் சொன்னதுதான் அவருடைய பெரிய சாதனை என்பேன்.

அப்புறம் காளை. அது பால் கறக்காதே, எதை வைத்து மதிப்பிடுவது? மகள்களை வைத்துத்தான். எத்தனை மகள்களைப் பார்த்தால் எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் லஷ் கணக்குச் சொன்னார். 1937-ல் வந்த அவருடைய பாடநூலும், அவரிடம் படித்த ஹேசல், ஹெண்டர்சன் போன்றவர்களும் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். இன்று பொலிகாளைகளைத் தரவரிசைப்படுத்தும் முறைக்கு அடிப்படை ஹெண்டர்சன் வகுத்தது. லஷுக்கு 1979-ல் வேளாண்மைக்கான வுல்ஃப் பரிசு என்ற சர்வதேச விருது கிடைத்தது.

ஊரில் மாடு வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் நம்மில் பலருக்கு உண்டு. அடுத்த முறை போன் பேசும்போது சொல்லுங்கள்: சினை ஊசி போட ஆள் வந்தால், காளை என்ன ஜாதி என்பதோடு நிறுத்தாமல், அதன் மகள்கள் எத்தனை லிட்டர் கறக்கின்றன என்றும் கேட்கட்டும்.